ஆறாவது தோட்டா

துப்பாக்கிக் கம்பெனிக்காரர்களே, ஒன்று நீங்கள் அன்றைக்குப் பொய் சொன்னீர்கள், இல்லையென்றால் இன்றைக்குப் பொய் சொல்கிறீர்கள். இரண்டு பேச்சும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. உங்கள் பழைய ரிவால்வரைத் திருத்திப் புது மாதிரியாக மறுபடியும் விற்பனைக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். போன வாரம் ஹூஸ்டனில் ஒரு துப்பாக்கிக் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைத் துணிமேல் அதைப் பார்த்தேன். அதே நீளமான குழல், அதே வளைந்த மரப்பிடி. பக்கத்தில் ஒரு அட்டை. உங்கள் பழைய தோழன் திரும்பி வந்துவிட்டான், இனி கீழே விழுந்தாலும் சுடமாட்டான் என்று அதில் எழுதியிருந்தது. அந்த ‘இனி’யைப் படித்துவிட்டு அப்படியே நின்றேன். கடைக்காரர் வந்து உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார்.

அந்தப் பழைய மாதிரியை எனக்கு நன்றாகத் தெரியும். அண்ணனின் கல்லாவுக்குக் கீழே ஒன்று இருந்தது. அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. இதே ஹூஸ்டனில், ஹில்கிராஃப்ட் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த பெருந்துறைக்காரர். என் மனைவி நர்ஸ் வேலைக்கு வந்தாள், நான் அவளோடு வந்தவன். ஊரில் நான் படித்த படிப்பை இங்கே யாரும் மதிக்கவில்லை. அண்ணன்தான் என்னைக் கடையில் போட்டுக்கொண்டார். நல்லவர் என்று ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். வாயைத் திறந்தால் கிண்டல். முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்த ஒரு டாக்டரம்மாவிடம், “அக்கா, பேஷண்ட்டக் கூட நீங்க இப்படித்தான் செக் பண்ணுவீங்களா?” என்று கேட்டவர். அந்த அம்மா சிரித்துவிட்டு இன்னும் இரண்டு கட்டு எடுத்துக்கொண்டு போனார். கோபம் வந்தால் என்னை எல்லோர் முன்னாலும் திட்டுவார், அரை மணி நேரத்தில் அவரே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்.

பக்கத்து நகைக்கடையில் கொள்ளை நடந்த பிறகுதான் அவர் துப்பாக்கி வாங்கினார். விற்றவர் கட்டடத்தின் சொந்தக்காரர், தொப்பி போட்ட வயதான டெக்ஸஸ்காரர். உருளையில் ஆறு அறைகள் இருந்தாலும் ஐந்தில்தான் தோட்டா போட வேண்டும், பின்னாலிருந்து தோட்டாவை அடிக்கும் சுத்தியல் காலி அறைமேல்தான் உட்கார வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். ஏன் என்று அண்ணன் கேட்டதற்கு, “அப்போதுதான் நிம்மதியாகத் தூங்கலாம்” என்று சொல்லிச் சிரித்தாராம். அண்ணன் அதைக் காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஊர்க்காரர்களின் சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் மதித்தார். வருஷம் முழுக்க ஐந்துதான் இருக்கும், ஆயுத பூஜைக்கு மட்டும் ஆறு.

அந்தக் கடைசி ஆயுத பூஜைச் சாயங்காலம் எனக்கு அச்சு மாறாமல் நினைவிருக்கிறது. பின்னறையில், பாஸ்மதி மூட்டைகளுக்குப் பக்கத்திலிருந்த மேஜைமேல் பட்டுத் துண்டு விரித்து, தராசு, பில் போடும் மெஷின், அட்டைப்பெட்டி அறுக்கும் கத்தி, வேன் சாவி எல்லாவற்றையும் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார். கடைசியாக ரிவால்வரை எடுத்து ஆறாவது தோட்டாவையும் போட்டு, பிடியில் சந்தனத்தைக் கெட்டியாகப் பூசி வைத்தார். எனக்கு அது எப்போதுமே பிடிக்காது. “எதுக்குங்ண்ணா ரொப்பறீங்க? அந்தப் பெரியவர் சொன்னாரே,” என்றேன். “அட போடா. அது அவங்க வழக்கம், இது நம்ம வழக்கம். சாமி முன்னால ஒரு குழிய காலியா வெக்கச் சொல்றியா? நெறஞ்சுதான் இருக்கோணும். காலையில ஓப்பன் பண்றப்ப ஒண்ண ரிமூவ் பண்ணிப்போடறேன்,” என்றார். அண்ணி சுண்டல் தட்டோடு வந்து, “அந்தச் சனியன எதுக்குங்க சரஸ்வதிகிட்ட வெக்கறீங்க?” என்றார். “உன்ற கரண்டிய வெக்கறதில்லையா? அதவிட டேஞ்சரா இது?” என்றார் அண்ணன். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த அவர் மகள் தன் கால்குலேட்டரைக் கொண்டுவந்து துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தாள். “டாட், திஸ் இஸ் சோ வியர்ட்,” என்றாள். அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது. அதனால் எல்லாம் அப்படியே இருந்தன.

மறுநாள் விஜயதசமி. முந்தின நாள் வேனுக்கு முன்னால் உடைத்த பூசணிக்காய் கார் நிறுத்துமிடமெல்லாம் சிதறிக் கிடந்தது. மற்றக் கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அதைக் கழுவச் சொல்லி என்னை அனுப்பினார். “கழுவிப்போட்டு வா, சுண்டல் மிச்சம் இருக்குது,” என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனார். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. எண்ணெய் டின் அடுக்கு சரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தண்ணீரை நிறுத்திவிட்டு, இவர் இப்போது யாரைத் திட்டப்போகிறார் என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன். அண்ணன் மூட்டைகளுக்கும் மேஜைக்கும் நடுவில் கிடந்தார். ரிவால்வர் மேஜைக்கால் பக்கத்தில் தரையில் கிடந்தது. குண்டு கீழிருந்து மேலாக நெஞ்சில் ஏறியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது செய்வதற்கு எதுவும் இல்லை.

கை நழுவி விழுந்ததா, அவரே சுட்டுக்கொண்டாரா? போலீஸ்காரர்கள் முடிவாக எதுவும் சொல்லவில்லை. தெரியவில்லை என்றே எழுதி மூடிவிட்டார்கள். அவர் வலது கையில் சந்தனம் இருந்தது. துப்பாக்கியை எடுத்தார் என்பதற்கு அது சாட்சி. சந்தனம் வழுக்கி நழுவியதா என்பதற்கு எது சாட்சி? சொன்னபடி ஆறாவதைக் கழற்றத்தான் எடுத்தார் என்று நான் நம்புகிறேன், நம்பிக்கைதான், பார்க்கவில்லை. எதிரே பெரிய இந்தியக் கடை ஒன்று திறந்து, அந்த வருஷம் எங்கள் வியாபாரம் படுத்துவிட்டது. தற்கொலை என்று பேச ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. கோயிலில் ஒரு ஆன்ட்டி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்ககிட்ட ஒரு வார்த்தை ஷேர் பண்ணியிருக்கலாம், பாவம், மனசுக்குள்ளயே வெச்சுட்டார் போல,” என்று சொன்னார். ஆறுதல் சொன்னதாகவே அவர் நினைத்திருப்பார். அதற்குப் பிறகு அண்ணி கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் உங்கள் கம்பெனிக்கு ஃபோன் செய்தோம். அண்ணி அழுதுகொண்டிருந்ததால் நான்தான் பேசினேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தோம், மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே விழுந்தால் இது வெடிக்குமா என்று கேட்டேன். ஐந்துதான் போட வேண்டும் என்று ஒருவர் சொன்னாரே, அதற்கு இதுதான் காரணமா என்றும் கேட்டேன். உங்கள் ஆள் மிகவும் மரியாதையாகப் பேசினார். அது பழைய ஆட்களின் பழக்கம் என்றார். “எங்கள் துப்பாக்கி தானாகச் சுடாது ஐயா. யாராவது சுட்டால்தான் சுடும்,” என்றார். உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்று வேறு சொன்னார். அந்த நிமிஷம் அந்தப் பெண்ணின் முகம் இறுகிவிட்டது. அப்பா தங்களை வேண்டாமென்று விட்டுப் போய்விட்டார் என்று அவள் முடிவு செய்தது அப்போதுதான். அதற்குப் பிறகு வீட்டில் ஆயுத பூஜை இல்லை, அப்பா என்ற பேச்சும் இல்லை.

இப்போது அவள் நியூஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கிறாள். மருந்துக் கம்பெனியில் வேலை. உங்கள் விளம்பரத்தை எனக்கு அனுப்பியவள் அவள்தான். கீழே ஒரே வரி. “அங்கிள், அப்போ பழையது விழுந்தா சுடுமா? யெஸ் ஆர் நோ?” பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால்தான் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரரிடம் பழையதும் ஒன்று இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையதில் சுத்தியலின் ஊசி நேராகத் தோட்டாவின் அடியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. புதியதில் நடுவே இடம் விட்டு, ஒரு சின்ன எஃகுத் தகடு வைத்திருக்கிறீர்கள். விசையை முழுதாக இழுத்தால்தான் அந்தத் தகடு மேலே ஏறும், அது ஏறினால்தான் சுத்தியலின் அடி தோட்டாவுக்குப் போய்ச் சேரும். நகத்தளவு தகடு. “பழையதைப் பற்றி எல்லோருக்கும் தெரியுமே சார்,” என்றார் அவர். எல்லோருக்கும் என்றால் கம்பெனிக்குமா என்று கேட்டேன். “அது எனக்குத் தெரியாது. நான் விற்கிறவன்.”

புதியதைக் கையில் கொடுத்தார். எனக்கு என்ன ஆயிற்று என்று இன்னும் புரியவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் பிடி உள்ளங்கையில் உட்கார்ந்ததும், கல்லாவுக்குக் கீழே கைவிட்டால் தட்டுப்படும் அதே கனத்தில், அண்ணனே பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. நன்றாகச் செய்திருக்கிறீர்கள், அதை மறுக்கமாட்டேன். அந்தத் தகடு அன்றைக்கே இருந்திருந்தால் அவர் இன்றைக்கும் யாரையாவது கிண்டல் செய்துகொண்டிருப்பார் என்று தோன்றியது. உடனே இன்னொன்றும் தோன்றியது. அவரே சுட்டுக்கொண்டிருந்தால் எந்தத் தகடு காப்பாற்றியிருக்கும்? நன்றி சொல்வதா, திட்டுவதா என்று தெரியாமல் அதைத் துணிமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் அண்ணியிடம் சொன்னேன். அவர், “சுண்டல் இருக்குதுன்னு உன்கிட்ட சொன்னாரல்ல?” என்று கேட்டார். எத்தனையோ முறை கேட்டதுதான். “சொன்னார், அண்ணி,” என்றேன். “சாகப்போற மனுசன் அப்படிச் சொல்லுவாரா?” என்றார். சொல்லாமலும் இருப்பார்கள், சொல்லவும் சொல்வார்கள்.

உங்களிடம் நான் பணம் கேட்கவில்லை. வக்கீல் வைக்கவில்லை. ஆறாவது தோட்டாவைப் போட்டது அவர் தவறு என்று சொல்லப்போகிறீர்களா? தாராளமாகச் சொல்லுங்கள். புத்தி இல்லாமல் துப்பாக்கிக்குச் சந்தனம் பூசியவர் என்றுகூடச் சொல்லிக்கொள்ளுங்கள். கவனமில்லாத அப்பாவை அந்தப் பெண் மன்னித்துவிடுவாள். விட்டுப்போன அப்பாவைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. என்ன நடந்தது என்று நீங்கள் சொல்ல முடியாது, எனக்கும் தெரியும். என்ன நடந்திருக்க முடியும் என்று உங்களால் சொல்ல முடியும். கண்ணாடிப் பெட்டியில் அட்டை வைத்து ‘இனி’ என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு, அதற்கு முன்னால் என்னவாக இருந்தது என்றும் எழுதத் தெரியும். ஃபோனில் மரியாதையாகச் சொல்ல வேண்டாம். அதே அட்டையில், அதே பெரிய எழுத்தில், கடைக்கு வருகிற எல்லோரும் படிக்கிறபடி எழுதுங்கள். பழையது கீழே விழுந்தால் சுடுமா, சுடாதா?