அவள் சொன்ன ஆறு எண்

என் மனைவியின் டேப்லெட் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. கொரோனா காலத்தில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது. மகள் மதுரைக்குக் கல்லூரிக்குப் போனபின் அது அம்மாவுடையதாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எடுத்து நோண்டுகிறார்கள் என்று மகள்தான் ஒரு நம்பரும் வைத்து, அம்மாவின் வலது ஆள்காட்டி விரலையும் பதிந்து பூட்டுப் போட்டுக் கொடுத்தாள். நான் பாளையம்பட்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். விரல் வைத்துத் திறக்க அதில் என்ன தங்கமா இருக்கிறது என்று கேலி செய்வேன்.

பிறகு அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தோம். மத்தியானம் நான் சாப்பிட வரும்போது உள்ளறையில் அவள் பேசும் சத்தம் கேட்கும். நான் செருப்பைக் கழற்றியதும் நின்றுவிடும். யாரிடம் பேசினாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒங்க மகட்டதான். அவ கல்யாணத்துக்கு நான் இருக்கேனோ இல்லையோ, சொல்ல வேண்டியத எல்லாம் இதுல பேசிப் பதிஞ்சு வைக்கிறேன்" என்றாள்.

"கிறுக்குத்தனமாப் பேசாத, சோத்தப் போடு" என்றேன். அவளுக்குத் தைரியம் சொன்னதாக அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்குத்தான் பயம்.

ஒரு ஆடி மாதம் விடியற்காலையில் அவள் போய்விட்டாள். ஐஸ் பெட்டி இன்னும் வந்து சேரவில்லை. கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். மகள் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் வைத்துக் கொடுத்த பழைய நம்பருக்கு அது திறக்கவில்லை.

"அப்பா, அம்மா வெரல வச்சுப் பாப்பமா? அப்புறம் முடியாதுல்ல" என்றாள். அந்த 'அப்புறம் முடியாது' என்னை எழுப்பிவிட்டது. நான் போய்க் கையில் இருந்த கட்டை அவிழ்த்தேன்.

என் அக்கா ஓடி வந்தாள். "தம்பி, கட்டுன கட்ட அவுக்கக் கூடாதுப்பா."

நான் யார் பேச்சையும் கேட்கிற நிலையில் இல்லை. அவள் இடது கட்டைவிரலைப் பிடித்து அதில் அழுத்தினேன். எங்களுக்கெல்லாம் ரேகை என்றாலே அந்த விரல்தான். பத்திர ஆபீஸிலும் திருச்சுழி தாலுகா ஆபீஸிலும் அதைத்தான் மையில் உருட்டி எடுப்பார்கள். "அது இல்லப்பா, வலது ஆள்காட்டி வெரலு" என்று மகள் மெதுவாகச் சொன்னாள். அந்த விரலை வைத்தேன். என் வேட்டியில் துடைத்து வைத்தேன். என் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி வைத்தேன். திறக்கவே இல்லை. விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். நுனி வழுவழுவென்று இருந்தது. ரேகையே இல்லை. அப்போதுதான் எனக்கு பஸ் ஞாபகம் வந்தது.

அவள் போவதற்கு இரண்டு மாதம் முன்பு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். காரியாபட்டி தாண்டி, இரண்டு பக்கமும் கருவேலங்காடு. ஜன்னல் ஓரம் இருந்தவள் விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஏங்க, மாத்திர தின்னு தின்னு தோலு உரிஞ்சு ரேகையெல்லாம் போச்சு. டேப்லெட்டு வெரல வாங்க மாட்டேங்குது, நம்பர் போட்டுத்தான் தொறக்குறேன். பழைய நம்பர நானே மாத்திட்டேன், யாரும் சொல்லித் தரல. ஒங்ககிட்ட சொல்லி வைக்கிறேன், ஞாபகத்துல வச்சுக்கங்க." சொல்லிவிட்டு ஆறு எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

என் காதில் போன் இருந்தது. சிமெண்டு லோடு ஒன்று வழியில் நின்றுவிட்டது என்று டிரைவரிடம் கத்திக்கொண்டிருந்தேன். அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன். "கேட்டீகளா?" என்றாள். "ம், கேட்டேன் கேட்டேன்" என்றேன். அந்த லோடில் இருநூற்று நாற்பது மூட்டை. அது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அவள் சொன்னதில் ஓர் எண்கூட இல்லை.

விரலைப் பிடித்தபடி நான் உட்கார்ந்திருக்க, மகள் கேட்டாள். "அம்மா ஒங்ககிட்ட நம்பர் எதுவும் சொல்லுச்சாப்பா?"

சுற்றிலும் சொந்தபந்தம். நாக்குக் கூசாமல் சொன்னேன். "இல்லம்மா. சொல்லல."

மகள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அக்கா விரல்களை மறுபடி சேர்த்துக் கட்டினாள். "புருசன் பிள்ளைக்குக்கூடச் சொல்லாம அப்படி என்னத்தப் பூட்டி வச்சாளோ" என்று முனகினாள். அதைக் கேட்டுக்கொண்டும் நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு மத்தியான வேளைகளில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒவ்வொரு நம்பராகப் போட்டுப் பார்த்தேன். கல்யாணத் தேதியைப் போடும்போது திறந்துவிடும் என்று ஒரு கர்வம் இருந்தது. திறக்கவில்லை. மகள் பிறந்த தேதி, கடை போன் நம்பர், கரண்டு பில் நம்பர் எல்லாம் போட்டேன். தப்பாகப் போடப்போட அது என்னைக் காக்க வைக்கும் நேரமும் கூடிக்கொண்டே போனது. அருப்புக்கோட்டை டவுனில் செல்போன் கடைக்காரர் பார்த்துவிட்டு, "தொறந்து தாரேன் அண்ணாச்சி, ஆனா உள்ள இருக்குறது பூராம் அழிஞ்சுரும்" என்றார். பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல் வருஷத் திதிக்கு மகள் வந்திருந்தாள். படையலுக்கு இலை போடும்போது அக்கா பழைய பேச்சையே எடுத்தாள். "பெத்த பிள்ளைக்கு ஒரு வார்த்த கேக்கக் கொடுத்து வைக்கல. எல்லாத்தையும் மறைச்சு வச்சுட்டுப் போயிட்டா." மகள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஒரு வருஷமாக என் மகளும் அம்மாவைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பின்னாலேயே போனேன்.

"அம்மா எங்கிட்டச் சொன்னாம்மா. பஸ்ஸுல வச்சுச் சொன்னா. நான் போன் பேசிக்கிட்டு இருந்தேன், காதுல வாங்கல. அன்னைக்கு ஒங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவள் பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"தெரியும்ப்பா. பஸ்ஸ விட்டு எறங்குன அன்னைக்கே அம்மா எனக்குப் போன் போட்டு, நம்பர மாத்திட்டேன்னு சொல்லுச்சு. வெரலு ரேகை போனத மட்டும் சொல்லல. எனக்குச் சொல்லும்மான்னு கேட்டேன். 'அப்பாட்ட சொல்லியிருக்கேன், அவுக சரியாக் கேக்கல. மறுபடி அவுகளே வந்து கேப்பாக, அப்ப ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்றேன்'னு சொல்லுச்சு."

பாயசப் பாத்திரத்தைத் துணியால் பிடித்து இறக்கி வைத்தாள்.

"அதுக்கப்புறமும் ரெண்டு மாசம் இருந்துச்சுப்பா அம்மா" என்றாள்.