மஞ்சள் வைத்த வரைபடம்

என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது, நான் எழுதுவதைப் படிப்பவர் மனிதர் இல்லை என்பதுதான். கட்டடம் கட்டுகிறவர்களின் வரைபடங்கள், அளவுகள், சைட்டில் எடுத்த படங்கள் எல்லாம் இணையத்தில் ஒரே இடத்தில் கிடக்கும். கேட்டால் தேடி எடுத்துத் தர ஒரு ஏஐ உதவியாளர் இருக்கிறது. கோப்புகளை எடுக்க அதனிடம் சின்னச் சின்னக் கருவிகள் உண்டு. எந்தக் கருவி எதைக் கொண்டுவரும், அதை எப்போது பயன்படுத்த வேண்டும் என்று நான் எழுதி வைப்பேன். அதைப் படித்துத்தான் உதவியாளர் கருவியைத் தேர்ந்தெடுக்கும். அலுவலகம் சென்னையில். நான் பெரம்பலூரில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வருடம் இந்த உதவியாளரை வெள்ளோட்டம் பார்க்க ஒரு கட்டட வேலை தேவைப்பட்டது. அரியலூரில் சைட் இன்ஜினியராக இருக்கும் என் கல்லூரித் தோழி, தன் சைட்டில் பயன்படுத்திப் பார்க்கிறேன் என்றாள். ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் கட்டும் வீடு அது. அவருடைய கணவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். வரைபடமெல்லாம் போட்டு முடித்த சமயத்தில் அவருக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதன்பின் சக்கர நாற்காலிதான். அதனால் பின்பக்கம் தள்ளி இருந்த குளியலறையைப் படுக்கையறையை ஒட்டிக் கொண்டுவந்து, கதவையும் அகலமாக்கி, புது வரைபடம் போட்டிருந்தார்கள். கணவர் யாரையும் கூப்பிடாமல் குளியலறைக்குப் போய்வர வேண்டும். அந்தப் புது வீட்டிடம் நர்ஸ் அம்மா எதிர்பார்த்தது அது ஒன்றுதான்.

அஸ்திவாரத்துக்குக் கோடு போட்ட அன்று தோழி போன் செய்தாள்.

"ஏண்டி, ஒன் ஆளு என்னைய அந்தம்மாகிட்ட நல்லா மாட்டி வுட்டுட்டான்டி."

"என்னடி ஆச்சு? அளவு தப்பா?"

"அளவெல்லாம் கரெக்ட்டு. வூடுதான் வேற."

அந்த சைட்டை அவள் ஏற்றுக்கொண்டு கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு, தரைத்தளத்தின் அளவுகளைப் போனில் உதவியாளரிடம் கேட்டிருக்கிறாள். அது சொன்னதை இவள் சத்தமாகப் படிக்க, மேஸ்திரி சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டிருக்கிறார். டீ கொண்டுவந்த நர்ஸ் அம்மா நின்று பார்த்துவிட்டு, "பாத்ரூம் ஏம்மா அங்க போயி நிக்குது? இவரு அவ்ளோ தூரம் எப்புடிப் போவாரு?" என்று கேட்டிருக்கிறார்.

நல்லவேளை, சுண்ணாம்பு. காலால் அழித்தால் போயிற்று. மறுநாள் காலை குழி வெட்ட ஆள் வருவதாக இருந்தது.

பொதுவாக எங்களுக்கு வரும் புகார், 'வேலை செய்யவில்லை' என்ற ஒரு வரிதான். தோழி அப்படிச் செய்யவில்லை. தான் கேட்டது, அது சொன்னது, எடுத்த கோப்பு எல்லாவற்றையும் அப்படியே அனுப்பினாள். அதற்காக அவளுக்கு இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். கோப்பைத் திறந்தால், நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்து, நடுவில் குங்குமம் இட்ட வரைபடத்தின் புகைப்படம்!

சிறுவாச்சூர் கோயிலில் அம்மன் காலடியில் வைத்து எடுத்த வரைபடம் அது. வாதம் வருவதற்கு முன்பு செய்த பூஜை. நர்ஸ் அம்மா சமீபத்தில் போனைத் துழாவியபோது அந்தப் படம் கிடைக்க, தோழிக்கு அனுப்பியிருக்கிறார். அவளும் மற்றக் கோப்புகளோடு அதைச் சேர்த்துவிட்டாள்.

கடைசியாகச் சேர்த்த கோப்பை எடுக்க ஒரு கருவி, கட்டுவதற்கென்று ஒப்புதல் பெற்ற வரைபடத்தை எடுக்க இன்னொரு கருவி. இரண்டைப் பற்றியும் தனித்தனியாக எழுதியிருந்தேன். ஒன்றை விட்டு மற்றொன்றை எப்போது எடுக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. உதவியாளர் முதல் கருவியை எடுத்து, கடைசியாகச் சேர்ந்த பூஜைப் படத்திலிருந்து பழைய வரைபடத்தின் அளவுகளைச் சொல்லிவிட்டது. அன்று மாலை அதைச் சேர்த்தேன்: அளவு கேட்டால் ஒப்புதல் பெற்றதை மட்டும் எடு; புகைப்படத்திலிருந்து அளவு சொல்லாதே; ஒப்புதல் பெற்றது இல்லையென்றால், இல்லை என்று சொல்.

"அந்தப் போட்டோவ அழிச்சிடவா?" என்றாள் தோழி.

"வேணாம். அது இருக்கும்போதே சரியா வருதான்னு பாக்கணும்."

"அதானே. சாமிப் படத்த அழிச்ச பாவம் எனக்கெதுக்கு."

மறுநாள் முதல் பஸ்ஸில் அரியலூர் போனேன். தோழி மறுபடி கேட்க, இந்த முறை புது வரைபடத்தின் அளவுகள் வந்தன. மேஸ்திரி கோடு போட்டு முடித்ததும் கண்டக்டர் ஐயா நாற்காலியைக் காட்டி, உள்ளே தள்ளச் சொல்லிச் சைகை செய்தார். நர்ஸ் அம்மா வெறும் மண்ணில் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்.

"வாசல் இங்க இருக்குங்க. நீங்க சொவத்துக்குள்ள பூந்து போறீங்க" என்றார் நர்ஸ் அம்மா.

"தள்றது யாரு?" என்றார் அவர். வார்த்தை குழறினாலும் எல்லோருக்கும் புரிந்தது. மேஸ்திரி சிரித்துவிட்டார்.

படுக்கையறையிலிருந்து குளியலறைக்குள் போய், இடது கையால் சக்கரத்தைப் பிடித்து அவராகவே திரும்பிப் பார்த்தார். அங்கே சக்கரம் பட்டுக் கோடு எதுவும் கலையவில்லை. இன்னொரு முறை திரும்பினார். நர்ஸ் அம்மா கைப்பிடியை விட்டுவிட்டுத் தள்ளி நின்றார்.

பிறகு என் பக்கம் வந்து, "அம்மன் காலடியில வெச்ச பிளானாச்சே, கூடவே இருக்கட்டும்னு அனுப்பினேன். அது இப்புடி முன்னால வந்து நிக்கும்னு யாரு கண்டா? கோவிச்சுக்காதம்மா" என்றார். கோபப்பட வேண்டியவர் என்னிடம் அப்படிச் சொன்னார். அவர் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டேன்.

குழி வெட்ட ஆட்கள் வந்தார்கள். எப்போதும் ஈசானிய மூலையில்தான் தொடங்குவார்கள்.

"அங்க முறைக்கு ஒரு கொத்துப் போட்டுட்டு," என்றார் நர்ஸ் அம்மா, "நேரா பாத்ரூமுக்கு வந்துடுங்க."