புள்ளிக்குப் பின்னால் பத்து

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்குப் பொறுப்பு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கும் ரகம். கணக்கு எழுதும் நோட்டை மேனேஜர் வாங்கி வைத்துக்கொண்டு கையில் டேப்லெட்டைக் கொடுத்தபோது, இரண்டு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன்.

வேலை என்னவோ சுலபம்தான். மணிக்கு ஒரு தடவை, சரிபார்த்த பனியன் எத்தனை என்று திரையில் உள்ள கட்டத்தில் போட்டு 'அனுப்பு' என்பதைத் தொட வேண்டும். சர்வருக்குப் போய்விடும். பச்சையில் 'சேர்ந்தது' என்று வரும். சேர்ந்ததை யார் பார்த்தார்கள்? நோட்டில் எழுதினால் எழுதினபடி கிடக்கும். இது எங்கே போய் என்னவாக உட்காருகிறதோ. அதனால் அனுப்பியதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டிலும் குறித்துக்கொண்டே வந்தேன்.

"அக்கா சர்வருக்கே காவல் இருக்கறாங்க" என்று செக்கிங் டேபிள் பெண்கள் சிரித்தார்கள்.

"சிரிங்க. கை மட்டும் நிக்காம ஓடட்டும்" என்றேன்.

ஒரு வாரத்தில் மேனேஜர் கூப்பிட்டார்.

"தையல்ல இருந்து வந்த கணக்கு சரியா இருக்குதுங்க. உங்க செக்கிங்குலதான் மூணு டஜன் குறையுது. சாயங்காலத்துல இருந்து கேட்டுல பொண்ணுங்க பையைத் திறந்து பார்த்துத்தான் அனுப்போணும். தப்பா நினைச்சுக்காதீங்க."

சரக்கு அதற்குள் தூத்துக்குடிக்கு லாரி ஏறிவிட்டது. பெட்டியைப் பிரித்து எண்ண வழியில்லை. என்னிடம் பன்னிரண்டு பெண்கள். பையைத் திறக்கச் சொல்வதும் திருடி என்று கூப்பிடுவதும் ஒன்றுதான்.

"மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க சார். சர்வர்ல இருக்கறதை ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க."

சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறக்காமலே, அந்தத் தாளையும் என் நோட்டையும் வரி வரியாக ஒத்துப் பார்த்தேன். நாலே இடத்தில் இடித்தது. நோட்டில் 14.10, தாளில் 14.1. நோட்டில் 9.10, தாளில் 9.1.

பதினாலு டஜன் பத்து பீஸை நாங்கள் 14.10 என்றுதான் எழுதுவோம். புள்ளிக்கு முன்னால் டஜன், பின்னால் பீஸ். பதினொன்று வந்த இடமெல்லாம் சரியாக இருந்தது. பத்து வந்த இடத்தில் மட்டும் பூஜ்யம் காணாமல் போய், பத்து ஒன்றாகியிருந்தது. இடத்துக்கு ஒன்பது பீஸ். நான்கு ஒன்பது முப்பத்தாறு. மூன்று டஜன்.

இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மேனேஜரிடம் போனேன். அவர் டேப்லெட்டில் வரும் பக்கத்தை உருவாக்கிய கம்ப்யூட்டர் பெண்ணை போனில் பிடித்துக் கொடுத்தார்.

"கட்டத்துல போடுறதை நான் நம்பராத்தான் சர்வருக்கு அனுப்புறேனுங்க அக்கா. நம்பருன்னா 14.10-ம் 14.1-ம் ஒண்ணுதானுங்க, கடைசிப் பூஜ்யம் கழண்டுரும். புள்ளிக்குப் பின்னால பீஸுன்னு எங்கிட்ட யாருமே சொல்லலீங்க."

"அதைச் சொல்லோணும்னு எங்களுக்கும் தோணலை கண்ணு."

பச்சை எழுத்தும் பொய் சொல்லவில்லை. சேர்ந்ததுதான், ஒன்பது குறைந்து சேர்ந்தது. மறுநாள் திரையில் டஜனுக்கு ஒன்று, பீஸுக்கு ஒன்று என்று இரண்டு கட்டங்கள் வந்துவிட்டன. இன்றைக்கு எங்கள் கம்பெனியில் எல்லாப் பிரிவிலும் அந்த இரண்டு கட்டங்கள்தான்.

கணக்கு ஒத்துப்போன அன்று சாயங்காலம் பன்னிரண்டு பேரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸில் யாருக்கு ஜன்னலோரம் என்று சண்டை பிடித்தபடி கேட்டைத் தாண்டினார்கள். ஒருவரும் நிறுத்தவில்லை. நான் பின்னால் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன். பாதி வழியில்தான், நோட்டை மேசைக்குள் வைத்துப் பூட்டினேனா என்று சந்தேகம் வந்தது.