பூச்சியம் காட்டாத சென்சார்

கீரனூரில் பஸ் ஏறி, திருச்சி ரோட்டில் இருக்கும் ஊசி மருந்து ஆலைக்கு வேலைக்குப் போகிறேன். உயிரணுக்களைப் பெரிய பிளாஸ்டிக் பைகளில் வளர்த்து, அந்தத் திரவத்தை வடிகட்டித் தருவது எங்கள் பிரிவு. பை, குழாய், வடிகட்டி, அழுத்தம் காட்டும் சென்சார் எல்லாமே ஒரு தடவைக்குத்தான். முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுவோம். இரும்புக் குழாய் என்றால் அழுத்தம் கூடினாலும் தாங்கும். இது தாங்காது. சென்சார் காட்டும் எண்ணை நம்பித்தான் பம்ப்பை ஓட்ட வேண்டும்.

அன்று பம்ப்பை இன்னும் போடவேயில்லை. பூச்சியம் காட்ட வேண்டிய சென்சார் அதற்கும் கீழே காட்டியது. இந்த செட் வேண்டாம், புதிது மாட்டலாம் என்றேன். மேனேஜர் எங்கள் அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றபடி, அதற்கெல்லாம் நேரமில்லை, குறையும் அளவை மனதுக்குள் கூட்டிக்கொண்டு ஓட்டுங்கள் என்றார். இப்போதே பொய் சொல்லும் சென்சார் போகப்போக எவ்வளவு பொய் சொல்லும் என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். அவர் என்னை விட்டுவிட்டு, பம்ப் பக்கத்தில் நின்றவளைப் பார்த்துத் தலையசைத்தார். என் ஷிப்டில் வேலை பார்க்கும் ஆவூர்ப் பெண் அவள், என்னைவிடச் சின்னவள். சுவிட்சைப் போட்டாள்.

வடிகட்டி அடைத்துக்கொள்ளத் தொடங்கியது. திரையில் எண் சாதுவாக நின்றது. குழாய் மட்டும் விறைத்துக்கொண்டே வந்தது. நிறுத்து என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு பிய்த்துக்கொண்டது. வாரக்கணக்கில் வளர்த்ததெல்லாம் தரையில் ஓடியது.

மறுநாள் மீட்டிங்கில், ஆப்பரேட்டர் சரியாகக் கவனிக்கவில்லை என்றார் மேனேஜர். நான் வாயைத் திறக்குமுன் அவள் எழுந்துவிட்டாள்.

"தப்பு எம்மேலதான் சார். மன்னிச்சுக்கங்க."

நானும் எழுந்தேன். ஓட்டச் சொன்னதே இவர்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அவங்களே ஒத்துக்கிட்டாங்க. ஒங்களுக்கு என்னங்க?"

திரும்பி வரும்போது பஸ்ஸில், ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுத்துப் பேசுனா வேலைய விட்டே அனுப்பிருவாங்கக்கா. ஒத்துக்கிட்டா திட்டுறதோட போயிரும்."

திட்டோடு போகவில்லை. அந்த வாரமே அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். மேனேஜர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் இப்போதும் எனக்கு இடம் பிடித்து வைக்கிறாள். அவள்மேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. அவர் காலையில் வணக்கம் சொல்லும்போதுதான், காது கேட்காதவள் மாதிரி கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறேன்.