காந்தம் ஒட்டாத கல்

அவர் வேலை செய்யும்போது வெளியே தெரிவது இரண்டு பாதங்கள்தான். மற்றதெல்லாம் சமையல் மேடைக்கு அடியில், அலமாரிக்குள் மல்லாந்து கிடக்கும். வாயில் ஸ்க்ரூ, நெற்றியில் ஒரு சின்ன விளக்கு, கண்ணில் மரத்தூள். அதனால் கல் பதிக்கிறவர்கள் கூட்டத்தில் அவருக்கு மல்லாந்தார் என்று பெயர் விழுந்தது. வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

கல் மேடை போடும் தொழிலில் இரண்டு ஜாதி உண்டு: மேலே நிற்பவன், கீழே கிடப்பவன். கல்லை அறுத்து, மூலை மழுக்கி, முகம் தெரிகிற மாதிரி மெருகேற்றுபவன் மேல்வேலைக்காரன். அந்தக் கல் அசையாமலும் விழாமலும், ஓர் ஆணிகூடக் கண்ணில் படாமலும் அடியிலிருந்து பிடித்து நிறுத்துபவன் கீழ்வேலைக்காரன். வீட்டுக்காரர்கள் வந்து தடவித் தடவி மெச்சுவது மேல்வேலையை. கீழ்வேலை ஒழுங்காக இருந்தால் அப்படி ஒன்று நடந்ததே யாருக்கும் தெரியாது.

அதில் சிரமமான இடம் நாக்கு. இப்போதைய வீடுகளில் மேடையின் ஒரு பக்கத்தைக் கூடத்தைப் பார்த்து நீட்டிவிடுகிறார்கள். எதிரே உயரமான நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடிக்கலாம். கீழே கால் வைக்க இடம் வேண்டும் என்பதால் முட்டுக் கொடுக்கக் கூடாது. கல் அந்தரத்தில் நிற்க வேண்டும். அப்படி நீட்டிக்கொண்டு நிற்பதைத்தான் தொழிலில் நாக்கு என்பார்கள்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. அலமாரியின் மேல்விளிம்பில் தடித்த இரும்புப் பட்டைகளை, நாக்கின் நீளத்துக்கு வெளியே நீட்டி, ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். கல்லின் அடிப்பக்கம் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, பட்டை அந்தக் காடிக்குள் அடங்குகிற மாதிரி கல்லை இறக்க வேண்டும். பிறகு பசையைக் கல்லின் நிறத்திலேயே குழைத்து மூடிவிட வேண்டும். குனிந்து பார்த்தாலும் கல்தான் தெரியும். பாரம் முழுக்க இரும்பின் மேல். பசை சும்மா துணைக்கு.

பசை காய்ந்ததும் மல்லாந்தார் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரே எம்பில் நாக்கின் நுனியில் ஏறி உட்காருவார். கனத்த உடம்பு. காலைத் தொங்கப் போட்டு ஒரு டீ குடித்து முடிக்கும்வரை இறங்க மாட்டார்.

"யானை உட்கார்ந்த கல்லு. இனிமே எவன் உட்கார்ந்தாலும் தாங்கும்" என்பான் மேல்வேலைக்காரன்.

"யானைன்னு தெரியுதுல்ல, தள்ளி நில்லு. மிதிச்சா பொறுப்பில்ல."

அதுதான் அவருடைய பரிசோதனை. அவர் உட்கார்ந்து எழுந்த கல் எதுவும் விழுந்ததில்லை. ஒருநாள் ஒரு வீட்டம்மா சொல்லாமல் கொள்ளாமல் வீடு பார்க்க வந்துவிட்டார். தன் புதுக் கல்லின் மேல் வேர்வையும் தூசியுமாக ஓர் ஆள் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்தார். மறுநாள் சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"யோவ் மல்லாந்தாரே, இனிமே கல்லு மேல உட்காரக் கூடாது. ஆர்டர்."

"தாங்குதான்னு பார்க்கத்தானே சார்?"

"சாப்பாடு வைக்கிற இடத்துல நீ பின்பக்கத்தை வைக்கிறியாம். அந்தம்மா சோப்பு போட்டுக் கழுவச் சொல்லி நின்னு பார்த்துட்டுப் போனாங்க."

"அவங்க பையன் ஏறி உட்கார மாட்டானா?"

"உட்காருவான்யா. அது அவங்க பையன்."

கல்லுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எந்தப் பின்பக்கமானாலும் அதற்கு எடை ஒன்றுதான். ஆனால் மனிதர்கள் வைத்த சட்டம் கல்லின் சட்டத்தைவிடக் கடுமையானது. பரிசோதனை ஒழிந்தது. தீட்டு வென்றது. தீட்டு என்ற சொல்லை மட்டும் யாரும் வாயால் சொல்லவில்லை, சுத்தம் என்றார்கள்.

இதற்குப் பிறகுதான் அந்த அடுக்குமாடி வேலை வந்தது. கீழ்மாடிகளில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மேலே போகப் போக இரும்புப் பட்டை தீர்ந்துவிட்டது. சாவி கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது.

"பசையிலேயே ஒட்டிடு" என்றார் சூப்பர்வைசர். "வெளிநாட்டுச் சரக்கு. ஒட்டினா ஒட்டினதுதான்."

"எவ்வளவு காலத்துக்கு சார்?"

"சாவி கொடுக்கற வரைக்கும் நிக்கும்ல?"

"நாக்குக்குப் பட்டை இல்லாம நான் கல்லு வைக்க மாட்டேன் சார்."

"நீ வைக்காட்டி கல்லு கோவிச்சுக்குமா? கீழே போய் டைல்ஸ் இறக்கு."

அவர் கீழே போய் டைல்ஸ் இறக்கினார். மேலே வேறு ஆட்கள் ஒட்டினார்கள். யாரிடம் போய்ச் சொல்வது? அங்கே குடிவரப் போகிறவர்கள் யாரென்றே தெரியாது. எவருடைய வீடோ, எவருடைய கல்லோ என்று இருந்துவிட்டார். உலகத்தில் பாதி அநியாயம் இந்த 'எவரோ' என்ற சொல்லின் நிழலில்தான் நடக்கிறது.

அவருக்கு ஒரு தங்கை. புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டவள். ஏன் என்று அண்ணன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அண்ணியோடு ஒரே பாயில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். அவள் வேலை பார்த்த தையல் கம்பெனி திடீரென்று மூடப்பட்டது. சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்குத் தொண்டையில் நின்றது. மல்லாந்தார்தான் அந்த அடுக்குமாடிக் காவலாளியிடம் சொல்லிவைத்தார்: "யாருக்காவது சமையலுக்கு ஆள் வேணும்னா என் தங்கச்சி இருக்கா. கை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்." ஒரு வீட்டில் உடனே கூப்பிட்டுவிட்டார்கள்.

முதல் நாள் வேலை முடிந்து வந்தவள் கால்கூடக் கழுவவில்லை.

"அண்ணி, என்னா வீடு தெரியுமா! ஜன்னல்ல நின்னா ஊரே காலடியில கிடக்குது."

"ஊரு கிடக்கட்டும்டி. சாப்பாடு தர்றாங்களா?"

"தர்றாங்க. தட்டு தனி, டம்ளர் தனி. உட்கார்ற இடமும் தனி. மேடை நீட்டிக்கிட்டு இருக்கும்ல, அதுக்கு அடியில தரையில உட்கார்ந்துக்கணும். வழியையும் மறைக்கக் கூடாதாம், கண்ணுலயும் படக் கூடாதாம். நானும் குகைக்குள்ள போன கரடி மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டு வந்தேன்."

வாய்க்குக் கொண்டுபோன கையை மல்லாந்தார் இறக்கினார்.

"எந்த மாடிம்மா?"

"அதான் சொல்றேனே அண்ணா, உச்சி மாடி."

அவர் எழுந்து கை கழுவிவிட்டார். அண்ணி என்ன என்னவென்று கேட்டுக்கொண்டே பின்னால் போனாள். சொன்னபோது அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை தங்கையோடு அவரும் போனார். பையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து பிரித்தெடுத்த வட்டக் காந்தம் ஒன்று இருந்தது. உச்சி மாடி வீட்டம்மா கெட்டவர் இல்லை. அவரை வாசலிலேயே நிறுத்தவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே விட்டார்.

"அம்மா, இந்தக் கல்லுக்கு அடியில இரும்பு இருக்கணும். இல்லேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா, பார்த்தியா?"

"பார்க்கல. என்னைக் கீழே அனுப்பிட்டாங்க. ஆனா சோதிச்சுக் காட்டலாம்." அவர் மண்டியிட்டு நாக்கின் அடிப்பக்கத்தில் காந்தத்தை வைத்தார். கையை எடுத்ததும் அது தரையில் விழுந்து உருண்டது. இடம் மாற்றி வைத்தார். விழுந்தது. "உள்ளே இரும்பு இருந்தா இது பிடிச்சுக்கும்மா. கீழ்மாடியில நானே வச்சிருக்கேன், அங்க பிடிக்கும். இது வெறும் பசையில நிக்குது."

வீட்டம்மாவின் முகம் சற்றே மாறியது. வீடு கட்டி விற்ற கம்பெனிக்குப் போன் செய்தார். கம்பெனி ஆபீஸ் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே இருந்ததால் சூப்பர்வைசர் உடனே மேலே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. மல்லாந்தாரைப் பார்த்ததும் சிரித்தார்.

"நீயா? மேடம், இவரு நம்ம ஆளுதான். நல்ல தொழிலாளி. ஆனா கீழ்மாடி வரைக்கும்தான் வேலை பார்த்தாரு. கீழ்மாடிக்குச் சாதா இரும்பு போட்டோம். மேல்மாடி வாங்கறவங்க தரம் வேற இல்லியா? உங்களுக்கு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். துருவே பிடிக்காது. அதுல காந்தம் ஒட்டாது மேடம். சந்தேகம்னா உங்க வீட்டு ஸ்பூனை எடுங்க."

வீட்டம்மா ஸ்பூனை எடுத்தார். காந்தம் அதில் ஒட்டாமல் வழுக்கியது.

"பார்த்தியாப்பா?" என்றார் வீட்டம்மா. குரலில் நிம்மதி. கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பொய்யும் ஒரு பரிசோதனையைக் கையோடு கொண்டுவரும் என்று மல்லாந்தார் எதிர்பார்க்கவில்லை. ஸ்பூனில் ஒட்டவில்லை என்பதால் கல்லுக்குள் ஸ்பூன் இருக்கிறது என்று ஆகிவிடுமா? இதைக் கேட்க ஒரு நிமிடம் யோசித்தால் போதும். ஆனால் 'உங்கள் தரம் வேறு' என்று சொல்லக் கேட்ட காது அந்த ஒரு நிமிடத்தைத் தராது.

"சார், அந்த ஸ்டீல் பட்டை எப்ப வந்துச்சு? கீழே லாரி இறக்கினதே நான்தானே?"

"நீ இறக்கினது டைல்ஸ்."

"அப்ப நான் ஒண்ணு பண்றேன்மா. காசு வேணாம். அடியில ரெண்டு இரும்புத் தாங்கி அடிச்சுட்டுப் போறேன். கால் மணி நேர வேலை."

"வெளியே தெரியுமா?"

"தெரியும்மா. பெயின்ட் அடிச்சுத் தர்றேன்."

"ஐயோ, அந்தக் கம்பி தெரியக் கூடாதுன்னுதானேப்பா இந்த வீட்டையே பிடிச்சோம்!"

இன்னும் ஒரே ஒரு வழி இருந்தது. அவர் கண் நாக்கின் நுனிக்குப் போனது. ஒரே எம்பு. உடைந்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் உடைத்தவர் அவரென்று ஆகும். கல்லும் போகும், தங்கையின் வேலையும் போகும். உடையாவிட்டால் அதைவிட மோசம். பசை இன்றைக்குத் தாங்கும், நாளைக்கும் தாங்கலாம். அவர் கனத்தைத் தாங்கிய கல் என்று அதுவே சூப்பர்வைசருக்குச் சாட்சியாகிவிடும். மெய்யை நிரூபிக்க அவரிடம் இருந்ததெல்லாம் அந்த உடம்பு ஒன்றுதான். அதையும் பயன்படுத்த முடியவில்லை. அடுப்பங்கரை ஓரத்தில் நின்ற தங்கை வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தாள்.

அவர் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். அன்று மாலையே கம்பெனி ஆள் வந்து, கல்லும் அலமாரியும் சேரும் இடத்தில் புதுசாக வெள்ளைப் பசையை ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனான். முன்னைவிட அழகாக இருந்தது.

"நீ இனிமே அங்க உட்கார்ந்து சாப்பிடாதே. வேற இடம் கேளு" என்றார் தங்கையிடம்.

அவள் கேட்டாள். வீட்டம்மா மெய்யாகவே வருத்தப்பட்டார்: "நீ சோபாவுல உட்காரணுங்கறியா? உனக்குன்னு ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். அண்ணன் பேச்சைக் கேட்டுக்கிட்டு அதையும் குறை சொல்றே." வேறு இடம் என்று அவர் காட்டியது குளியலறைக்கு வெளியே, துணி துவைக்கும் மெஷினுக்கும் குப்பைக்கூடைக்கும் நடுவில். அந்த நாற்றத்தில் அவளுக்குக் கவளம் இறங்கவில்லை. அதன்பிறகு அங்கே சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். "ரொம்பக் கொஞ்சமா சாப்பிடற பொண்ணு" என்று வீட்டம்மா அக்கம்பக்கத்தில் மெச்சிக்கொண்டார்.

"விட்டுட்டு வந்துடும்மா. வேற வீடு பார்க்கலாம்."

"வேற வீட்டுல கல்லு யாரு வச்சது, அண்ணா? உனக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. தெரியவும் முடியாது. அவர் தலைமுறை முழுக்க, எதுவும் வெளியே தெரியாதபடி செய்வதையே திறமை என்று பழகிவிட்டது. அப்படிச் செய்த நல்ல வேலைக்கும் செய்யாமல் விட்ட வேலைக்கும் வெளியே ஒரே முகம்.

காலியாகிவிட்ட இடத்தில் வீட்டம்மா பூனைக்கு ஒரு மெத்தை போட்டார். தங்கை போகும்போதெல்லாம் மெத்தையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடுவாள். வீட்டம்மா திரும்ப எடுத்து நாக்குக்கு அடியில் போடுவார். பூனை இரண்டிலும் படுக்காமல் கூடத்து ஊஞ்சலில் தூங்கியது.

"பூனைக்குத் தெரிஞ்சிருக்கு பாரேன்" என்றாள் அண்ணி.

"அதுக்கு ஒரு மண்ணும் தெரியாது அண்ணி. ஊஞ்சல்ல வெயில் விழுது."

இதைக் கேட்கிறவர்கள் தலையெழுத்து என்பார்கள். தலையெழுத்து இல்லை இது. தலைக்கு மேல் வைக்காமல் விட்ட இரும்பு. யார் விட்டார்கள், எதற்காக விட்டார்கள் என்பது தெரிந்த கணக்கு. தெரிந்து என்ன செய்ய? கல் இன்னும் விழவில்லை. விழாத கல்லைப் பற்றிப் புகார் கொடுக்க எந்த வாசலும் இல்லை. விழுந்த பிறகு பல வாசல்கள் திறக்கும்.

தரை பெருக்க, துடைக்க அவள் தினமும் அதற்கு அடியில் குனிந்தாக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்துவிட்டு வெளியே வந்துதான் விடுகிறாளாம். சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

சாயங்காலம் அவள் படியேறும் சத்தம் கேட்டால், அலமாரிக்குள் படுத்துப் படுத்து வலிக்கும் முதுகோடு மல்லாந்தார் வாசலுக்கு வந்துவிடுவார்.

"கல்லு இருக்கா?"

"இருக்குண்ணா."

வேறு ஒன்றும் கேட்க மாட்டார். அண்ணி தட்டு எடுத்து வைப்பாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவள், கையைக் கழுவிவிட்டு வந்து வேகவேகமாகச் சாப்பிடுவாள்.