சக்கிமுக்கிக் கல்

பிள்ளைகளே, ஒல்லாந்தர் கோட்டையில் என்னோடு வெடிமருந்து அரைத்த பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய நரைத்த புருவத்திலும் கறுப்புத் தூள் படிந்திருக்கும். உள்ளே நுழையுமுன், தீப்பொறி கிளப்பும் பொருள் ஏதும் இருக்கிறதா என்று எங்கள் மடியைத் தடவிப் பார்ப்பார்.

அவர் வேலையிலிருந்து நின்ற அன்று, இனியாவது நிம்மதியாகப் புகைக்கட்டும் என்று, கோட்டைக்கு வெளியே சுருட்டும் சக்கிமுக்கிக் கல்லும் கொடுத்தோம்.

சுருட்டை ஆசையாக முகர்ந்தார். "பத்த வச்சா நானே வாணமா பூடுவேன், நைனா."

"குளிச்சிட்டுப் புடிண்ணே," என்றேன்.

"தெனம் குளிக்கறேன். மருந்து போவுதா இன்னா?"

சிரித்துவிட்டுக் கல்லை என் கையில் திணித்தார். "வூட்டுக்கு எடுத்துனு போவாத. உன் ஒடம்புலயும் மருந்து கீது. உம்மேல படுத்துதான புள்ளைங்க தூங்குதுங்க?"

அன்று மாலை தனியாகப் போய்க் கல்லை ஏரியில் எறிந்தேன். உங்களைத் தூக்கும் கைகளை மணலால் தேய்த்து முகர்ந்தேன். மறுபடியும் தேய்த்தேன்.