சாப்பாட்டுக் கூடத்தில் களி

பூஞ்சணம் பிடித்த கம்பள வாசம் எங்கே மூக்கில் பட்டாலும், ஓசூருக்கு வெளியே இருந்த அந்த ஓட்டல் என்முன் எழுந்து நிற்கும். வெள்ளைக்காரன் காலத்தில் குதிரை வண்டிகள் வரிசை கட்டிய இடம். நாங்கள் போனது அறுபதுகளின் கடைசியில். கதவைத் திறந்தால் கைப்பிடி கையோடு வந்தது. குழாயைத் திருகினால் இருமியது. எங்களோடு பஸ்ஸில் இறங்கிய பெங்களூர் ஃபாக்டரி இளைஞர்கள் இருவர், "இதுக்கு பஸ் ஸ்டாண்ட் லாட்ஜே தேவலை சார்" என்று பெட்டியைத் திறக்காமலே திரும்பிவிட்டார்கள். எனக்கும் கால் பரபரத்தது. என் மனைவி அசையவில்லை.

அவளுடைய அப்பா இந்த ஓட்டல் சமையற்கட்டில் ஆயுசைக் கரைத்தவர். அவர் சமைத்ததெல்லாம் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனது, அவர் போனதில்லை. இப்போது கிருஷ்ணகிரியில் மூச்சிரைப்போடு கிடந்தார். ஒரு தடவையாவது அவரை அந்தக் கூடத்தில் உட்காரவைத்துவிட வேண்டும் என்பது இவள் வைராக்கியம். அவரோ, "அங்க நமக்கு எடமில்லம்மா" என்று மறுத்துக்கொண்டே இருந்தார். நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்து சொன்னால் மனம் மாறுவாரோ? அதற்குத்தான் வந்தோம்.

மேனேஜர் கன்னடம் கலந்த தமிழில் கெஞ்சினார். "கூடத்தைப் பூட்டி வருஷக்கணக்காச்சு அம்மாவ்ரே. ஒரே வௌவாலு. ரூமுக்கே அனுப்பறேன்."

"வௌவாலு இருக்கற எடத்துல நாங்க இருக்கக் கூடாதா? சாவியை எடுங்க."

திறந்தார். சரவிளக்கு இருந்த இடத்தில் வெறும் கொக்கி. மழை ஒழுகிய கறை சுவரெல்லாம் தேசப்படம் வரைந்திருந்தது. நீள மேசையை அவளே முந்தானையால் துடைத்தாள். கிறிஸ்தவர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட மேனேஜர், பெருமையாக மட்டன் கட்லெட் கொண்டுவந்து வைத்தார். அவள் தட்டைத் தள்ளினாள்.

"வெள்ளிக்கிழமை கவிச்சி தொட மாட்டோங்க."

"துரைங்க எல்லாக் கிழமையும் சாப்பிட்டாங்களே!"

"நாங்க ஞானஸ்நானம் வாங்கினது கோயில்ல. துரைகிட்ட இல்ல."

உள்ளே வேலையாட்களுக்கு ஆக்கிய கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும்தான் மிச்சம். அதையே வரவழைத்தாள். விரல் சுடச்சுட, கையால் கிள்ளி உருட்டித் தின்றோம். வெறுமையான கண்ணாடி அலமாரிகள் எங்களை முறைத்தன. முறைக்கட்டும்.

காலையில் கிளம்பும்போது மேனேஜர் வாசல்வரை வந்தார். அவள் படியிலேயே நின்று திரும்பினாள்.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை, இந்தச் சமையற்கட்டுலயே ஆயுசைக் கழிச்ச எங்கப்பாவைக் கூட்டியாறேன். கூடத்தைப் பூட்டாதீங்க."

"அவரு பழைய ஆளு அம்மாவ்ரே. கூச்சப்படுவாரு. வேணும்னா சமையற்கட்டுப் பக்கமா..."

"முன்வாசல்லதான் வருவாரு."